வாத்துப் படம் போட்ட டப்பா

“இந்த அரிப்புக்கு எங்க மாமியார்தான் காரணம் டாக்டர்,” என்றாள் மருமகள்.

“அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே,” என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே.

“அவங்க செத்து நாலு மாசம் ஆகுது.”

பேனா நின்றது. ஆனால் இருபது வருடத் தொழிலில் இதைவிடப் பெரிய காரணங்களையெல்லாம் கேட்டவர் அவர். “சரி, சொல்லுங்க,” என்றார்.

உயிரோடு இருந்தவரை, வீட்டில் யார் தும்மினாலும் மாமியார் தன் மாத்திரை டப்பாவைத் திறந்துவிடுவாள். கடைசி நிமிடத்தில் மருமகளின் கையைப் பிடித்து, “நான் போனாலும் உன்னை நான்தான்டி பாத்துக்குவேன்,” என்றாள். அது அன்பா மிரட்டலா என்று கேட்டுத் தெளிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் தச்சன், தன் கையாலேயே பெட்டி செய்து அம்மாவை அடக்கம் செய்தான்.

பத்தாம் நாள் அரிப்பு தொடங்கியது. கூடவே எரிச்சல், திரிந்த பால் போல வெள்ளைப்படுதல். அடங்கும், பிறகு வரும். இது நான்காவது முறை. மாமியாரின் துணிமணிகளைக் கொடுத்துவிட்டாள், கட்டிலையும் விற்றுவிட்டாள். அப்படியும் குளித்துவிட்டுத் திரும்பினால், யாரோ கதவோரம் நின்று “இப்ப எப்படிடி இருக்கு?” என்று கேட்பது போலவே இருந்தது. இந்த முறையும் தீராவிட்டால் புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்கே போய்விடுவதென்று துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார். “பேய் இல்லம்மா, பூஞ்சை. ஈஸ்ட் தொற்றுன்னு சொல்லுவோம். பொம்பளைங்க நிறைய பேருக்கு வர்றதுதான். சுகர் இருக்கா?”

“போன மாசம்தான் பாத்தேன். இல்லை.”

“ஈரத் துணியோடவே இருக்கிறது? இறுக்கமான நைலான் உள்ளாடை?”

“பருத்திதான் டாக்டர். ஈரம்னா உடனே மாத்திடுவேன்.”

“வாசனை சோப்பு போட்டு உள்ள கழுவுறது?”

“வெறும் தண்ணி, அதுவும் வெளியிலதான்.”

“மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?”

“எங்க மாமியாரோடதுதான். அவங்க போனப்ப அழுது அழுது தொண்டை கட்டிச்சு, ரெண்டு போட்டேன். அப்புறம் அரிப்பு வர்றப்பல்லாம் நாலு.”

கைப்பையிலிருந்து ஒரு பச்சைத் தகர டப்பாவை எடுத்து வைத்தாள். மூடியில் வாத்துப் படம். உள்ளே தளும்பத் தளும்பச் சிவப்பும் கறுப்புமாக மாத்திரைகள்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஆன்டிபயாடிக். இது நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுடும். காவக்காரன் செத்தா திருடனுக்குக் கொண்டாட்டம், பூஞ்சை பெருகிடும். நீங்க மருந்துன்னு முழுங்கினதுதான்மா வியாதியே. ஆமா, நாலு மாசமாத் தின்னும் இவ்வளவு மிச்சம் இருக்கு?”

“எடுக்க எடுக்கக் குறையலை டாக்டர். சேத்து வைக்கிறதுல அவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது.”

ஆறு நாளைக்கு உள்ளே வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, “இனிமே டாக்டர் சீட்டு இல்லாம இந்த மாதிரி மாத்திரையைத் தொடாதீங்க,” என்று அனுப்பினார்.

மருமகள் நான்கு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் புருஷன் வண்டியோடு நின்றான்.

“என்னங்க, மூட்டையைப் பிரிச்சிடலாம். பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் உங்கம்மா மாத்திரை பண்ண வேலை. அடக்கமெல்லாம் முடிஞ்சதும் உப்பு ஜாடிக்குப் பின்னாடி இருந்து எடுத்தேன். நீங்கதான் சமையக்கட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டீங்களே. இந்தாங்க, குப்பையில போடுங்க.”

அவன் டப்பாவை வாங்கினான். மூடியின் ஓரத்தில் ஒரு நசுங்கல். சின்ன வயதில் அவனே சுத்தியலால் போட்டது. அதைக் கட்டைவிரலால் தடவினான். வெகுநேரம் தடவினான்.

“இதை அம்மா கையில வச்சுத்தானே பெட்டிக்கு ஆணி அடிச்சேன்.”