பத்து நிமிட மருந்து

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்திருந்த ஜெனோவாவின் தூத்துக்குடி வீட்டுக்கே, கதிரியக்க ஊசியும், போர்த்தினால் உடம்பைப் படம்பிடிக்கும் ஸ்கேன் சால்வையுமாக நர்ஸ் பவளக்கொடி வந்திருந்தார். நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டு, சால்வை போர்த்திப் படுத்திருந்தாள் ஜெனோவா. அடுத்த அறையில், கணவன் கையிலிருந்த இரண்டு வயது மகள் அம்மாவிடம் போக வேண்டும் என்று அழுதாள். போன வருடம் ஆஸ்பத்திரி ஸ்கேனுக்குப் பிறகு நாள் முழுக்கக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"இன்னைக்கும் பிள்ளையத் தொடக் கூடாதாக்கா?"

"இது புது மருந்தும்மா. கதிர்வீச்சு பத்து நிமிஷத்துல அடங்கிரும்."

பத்து நிமிடம் கழிந்ததும், சால்வை எடுத்த படத்தைப் பவளக்கொடி தன் கைத்திரையில் இரண்டு முறை பார்த்தார். "எங்கயும் ஒண்ணுமில்ல. இனி பிள்ளையத் தூக்கலாம்."

ஜெனோவா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பவளக்கொடி கிளம்பியபோது ஜெனோவா வாசலை மறித்து நின்றாள். "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்க்கா" என்றாள், மகளை இடுப்பிலிருந்து இறக்காமலே.