எந்த ஊர் அடுப்பு?

"குடிசையைப் பிரிக்கிற உரிமை எங்க ஊருக்குத்தான் கீது. ஏரிமேட்டு ஆளு ஒரு ஓலையத் தொடக்கூடாது" என்றார் பனஞ்சேரிப் பஞ்சாயத்துத் தலைவர் ஜம்புலிங்கம்.

"தொட்டா இன்னா பண்ணுவே, அண்ணாத்தே?" என்றார் ஏரிமேட்டுத் தலைவர் ஜானகிராமன்.

குடிசைக்குள்ளிருந்து வேம்புலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஊர் வயலிலும் நாற்று நட்டே இடுப்பொடிந்தவள் அவள். அவளுடைய ஒற்றைக் குடிசையை இடிக்க இரண்டு பெரிய மனிதர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டி போடுகிறார்கள்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணத்து ஜனங்கள் கரையான்சாவடி தாண்டி வந்து, கண்ட இடத்தில் வீடு எழுப்பத் தொடங்கியிருந்த சமயம் அது. இப்படியே விட்டால் ஏரிக்கால்வாய் அடைபட்டுப் போகும் என்று இரண்டு பஞ்சாயத்தும் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. நடுவிலுள்ள வெளி காலியாகவே கிடக்க வேண்டும். அதில் எது நின்றாலும், எந்த ஊர் எல்லையில் நிற்கிறதோ அந்த ஊர்தான் அகற்ற வேண்டும். மற்ற ஊர் தலையிடக் கூடாது.

வேம்புலியம்மாளின் குடிசையோ எல்லையின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று பிடித்த சண்டை. தலைவர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் வரப்பை விட்டு இறங்கிவிடுவார். அம்மன் கூழுக்குக்கூட ஊருக்கு ஊர் அழைப்பில்லை.

இன்றோடு இதை முடிப்பதென்று தாலுகாவிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார் அதிகாரி பரந்தாமன். "இந்தம்மாவுக்கு விலக்குக் கொடுத்தா பட்டணத்துக்காரங்க அத்தனை பேரும் கேப்பாங்க. யார் இடிக்கிறது, அதை மட்டும் சொல்லுங்க."

அடுப்பு எரிகிற ஊர்தான் வீட்டுக்கு ஊர் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பரந்தாமன் எல்லைக் கற்களுக்கு நடுவே கயிறு பிடித்துப் பார்த்தார். கயிறு நேராக அடுப்பின் நடுவே போயிற்று.

தலையைச் சொறிந்துகொண்டு, "ஏம்மா, சமைக்கிறப்போ நீ எந்தப் பக்கம் உட்காருவே?" என்று கேட்டார்.

வேம்புலியம்மாள் யோசித்தாள். குடிசை எப்படியும் போகப்போகிறது. தன்னால் வந்த பகையாவது அதோடு போகட்டும்.

"பனஞ்சேரி பக்கந்தான் சாமி குந்துவேன்."

ஜானகிராமன் விடவில்லை. "எங்க வேணா குந்தட்டும். பொகை எங்க ஊருக்குத்தான் வருது. பொகைய நாங்க முழுங்கணும், ஊடு அவங்களுதா?"

ஜெயித்த ஜம்புலிங்கம் நியாயமாகப் பார்த்தால் சிரித்திருக்க வேண்டும். அவரோ, "அது ஆடியில. ஐப்பசியில எங்க பக்கம் வரும்" என்று காற்றைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அதன்பிறகு எட்டுத் திசைக்கும் வழக்கு நடந்தது. ஒவ்வொரு மாதக் காற்றுக்கும் சாட்சி வந்தது.

பரந்தாமன் சைக்கிளை எடுத்தார். "காத்து எந்தப் பக்கம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுச் சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் குடிசைமேல யாரும் கை வைக்கக் கூடாது."

சைக்கிள் பாதை திரும்பி மறைந்தது. தலைவர்கள் இருவரும் ஒரே கல்லில் போய் உட்கார்ந்தார்கள். ஜானகிராமன் வெற்றிலையை நீட்ட, ஜம்புலிங்கம் வாங்கி மடித்தார். வேம்புலியம்மாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இன்னா பாக்குறே?" என்று ஜம்புலிங்கம் அவளிடம் எரிந்து விழுந்தார். "உன் ஊடு நிக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் தொண்டை கட்ட சண்டை போட்டுகினு கீறோம். நீ பாட்டுக்கு எங்கள ராஜி பண்ணி உடப் பாக்குறியே!"