சிரித்தவனுக்குத் தீவு

“சிரிச்சது யாரு?”

கட்சிச் செயலாளர் ஒத்தோரினோ போட்ட சத்தத்தில் போ என்னும் நதியின் கரையிலிருந்த சிற்றூரின் ஒரே திரையரங்கு வெலவெலத்துப் போனது. விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு வாசல்களையும் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள்.

ஊரே டிக்கெட் எடுத்தது சிரிப்புப் படத்துக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால் அரசாங்கச் செய்திப்படம் உண்டு. திரையில் நாட்டின் தலைவர் தோன்றினால் எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி நிற்க வேண்டும். நின்றார்கள். தலைவர் சட்டையில்லாமல் கோதுமைக் கதிர் அடித்தார். அப்போதுதான் இருட்டில் அந்தச் சிரிப்பு. கெக்கெக்கே என்று, அடக்க முடியாமல்.

முதல் வரிசையில் நின்ற செயலாளரின் நீட்டிய கையில் பின்னி முடியாத கம்பளிக் கையுறை, ஊசியோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஜூலைப் புழுக்கத்திலும் ஊர்ப் பெண்கள் எல்லோரும் போர்முனைக்காகக் கம்பளி பின்னினார்கள். அவர் மனைவி எர்சிலியாவும் பின்னினாள். அளவு பார்க்க அவர் கையில் மாட்டியிருந்தாள். கழற்றுவதற்குள் தலைவர் வந்துவிட்டார். சிரித்த ஆள் எதைப் பார்த்துச் சிரித்தானோ, கடவுளுக்கே வெளிச்சம்.

“தலைவரைப் பாத்துச் சிரிச்சவன் தானா எந்திரிச்சா நல்லது. நானாக் கண்டுபிடிச்சாலும் கைதிகளை அடைக்கற தீவுதான். போர் முடியற வரைக்கும் கடலைப் பாத்துக்கிட்டே கெடக்கணும்.”

நின்றவர்கள் ஒவ்வொருவராக மெல்ல உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்றாவது வரிசையில் ரொட்டிக் கடை நசரேனோ, தான் கட்டிக்கொள்ளப் போகும் டெல்ஃபீனாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை ரயிலில் அவன் ரஷ்யப் போர்முனைக்குப் போக வேண்டும். பக்கத்து இருக்கையில் முடிதிருத்துபவர் குயிரினோ. ஏதோ ஜோக் சொன்னதற்காகத் தீவுக்குப் போனவர், போன மாதம்தான் திரும்பி வந்தார், லேசான தொப்பையோடு.

“தீவு எப்படிண்ணே இருக்கும்?” நசரேனோ உதடு அசையாமல் கேட்டான்.

“மீன் பிடிக்கலாம். சாயங்காலம் சீட்டு. ராத்திரி தலையை எண்ணிட்டுக் கதவைப் பூட்டுவாங்க, அவ்வளவுதான். அரசாங்க விரோதின்னு முத்திரை விழுந்தவன் கையில துப்பாக்கி குடுக்கமாட்டாங்கடா தம்பி.”

டெல்ஃபீனா அவன் விலாவில் இடித்தாள். “காதுல விழுந்துச்சுல்ல? இன்னும் என்ன உக்காந்திருக்க?”

நசரேனோ எழுந்தான். “நான்தாங்க சிரிச்சேன்.”

பின்வரிசையில் தச்சன் ஒருவன் துள்ளி எழுந்தான். “பொய் சொல்றான். சிரிச்சது நான்.”

பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது. “கீழ இருக்கறவன் எல்லாம் புளுகன். சிரிப்பு மேலேருந்துதான் வந்துச்சு.”

சற்று நேரத்தில் வியாழக்கிழமை ரயிலுக்கு ஆணை வந்திருந்த வாலிபர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். சைக்கிள் கடைக்காரர் தன் மகனைக் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் பொம்பிலியோ கொட்டாவியை விழுங்கினார். “ஐயா, எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ஜோடி விலங்கு. இந்தக் கூட்டத்தை அதுல எப்படிக் கோக்கறது? ஒரு ஆளைச் சொல்லுங்க.”

“செய்திப்படத்தைத் திரும்பப் போடு” என்றார் செயலாளர். “ஒவ்வொருத்தனாச் சிரிக்கட்டும். அந்தக் குரலு என் காதுல இன்னும் இருக்கு.”

தலைவர் மறுபடியும் கதிர் அடித்தார். மரியாதை தவறாமல் வலது கையை நீட்டியபடி, ஒவ்வொருவனும் அவரைப் பார்த்துச் சிரித்தான். தச்சன் குதிரை மாதிரி கனைத்தான். பால்கனிக்காரனுக்கு இருமல்தான் வந்தது. “இல்லை. அடுத்தவன்” என்று செயலாளர் நகர்ந்துகொண்டே வந்தார்.

நசரேனோவின் முறை. வாயைத் திறந்தான். பயத்தில் சிரிப்பு வரவில்லை, அழுகை முட்டியது.

“சிரிடா” என்று பல்லைக் கடித்தாள் டெல்ஃபீனா. “இல்லைன்னா ரஷ்யாப் பனியில வெறைச்சுப் போயிடுவ.”

“நடிக்கிறியா?” செயலாளர் நெருங்கி வந்து, கையுறை மாட்டிய விரலை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினார். “இப்பச் சிரிக்கிறியா, இல்லையா?” விரல் நுனியில் பின்னல் ஊசி நர்த்தனம் ஆடியது.

கெக்கெக்கே.

“இதேதான்” என்றார் இன்ஸ்பெக்டர் நிம்மதியாக. நசரேனோவின் மணிக்கட்டில் விலங்கின் ஒரு வளையத்தை மாட்டினார். டெல்ஃபீனா சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள். மற்றவர்கள் வயிறெரிந்து உட்கார்ந்தார்கள். விலங்கின் இன்னொரு வளையம் காலியாகத் தொங்கியது.

செயலாளர் அந்தக் காலி வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கட்டைவிரல்தாங்க பாக்கி” என்றாள் எர்சிலியா, முதல் வரிசையிலிருந்து. “குடுங்க, வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்.”

அவர் கையுறையை நிதானமாகக் கழற்றினார். அவள் மடியில் போட்டார். திரும்பி வந்து, தன் மணிக்கட்டைக் காலி வளையத்துக்குள் நுழைத்துத் தானே அழுத்தி மூடினார்.

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “ஐயா, உங்களுக்கும் வியாழக்கிழமை ரயிலா?”

செயலாளர் திரையில் கதிர் அடித்துக்கொண்டிருந்த தலைவரை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார்.

“ரெண்டாவதாச் சிரிச்சது நான்.”