பெயர் தெரியாத தவளை

மழைக்காலங்களில் குளம் குளமாய்ப் போய்ப் பதிவுசெய்த தவளைக் குரல்களை மங்கையர்க்கரசி இணையத்தில் ஏற்றினாள். 'யாரும் எடுக்கலாம், மாற்றலாம். பதிவுசெய்தவர் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள்' என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒலிவாங்கியைப் பிடித்து நின்ற கணவன் தவசிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"சேத்துல நின்னது நானு. இப்படியா ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுப்ப?"

"நாம மட்டும் தவளைகிட்ட கேட்டுட்டா எடுத்தோம்?"

யாழ்ப்பாணத்து மாணவி தர்மினி அந்தப் பதிவுகளை எடுத்து, குரலைக் கேட்டுத் தவளையின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்தாள். மங்கையர்க்கரசி அதைக் கைபேசியில் திறந்துவைத்திருந்தபோது தவசிமுத்து வழக்கம்போலத் தொண்டையைச் செருமினான். திரை மின்னியது: 'பெயர் தெரியாத தவளை. எல்லாக் குளங்களிலும் உண்டு.'

ஒவ்வொரு பதிவிலும் அவன் செருமியிருக்கிறான். மங்கையர்க்கரசி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தர்மினியை அழைத்துச் சொன்னாள்.

"ஐயோ அக்கா, அது அண்ணையின்ரை சத்தமோ? இப்பவே எடுத்துவிடட்டோ?"

மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தவள், மாற்றாதே என்று எப்படிச் சொல்வாள்? கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தபடி இன்னொரு முறை செருமினான்.

"இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லு." பிறகு குரலைத் தணித்து, "என் பேரு மட்டும் போடச் சொல்லு."