தேர் நிற்கும் வாசல்

பதுளை, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாரியம்மன் ஆலயத் தலைவர், உயர்திரு வீரமுத்து மாரிசாமி அவர்கள், அகவை எழுபத்திரண்டு.

அன்னாரைக் காணப் பல்கலைக்கழகத்திலிருந்து துஷாந்தி என்னும் ஆய்வாளர் வந்திருந்தார். மக்கள் ஏன் வரி கட்டுகிறார்கள், ஏன் நழுவுகிறார்கள் என்பதே அவருடைய ஆய்வு.

“ஐயா, அரசாங்க வரின்னா ஆயிரம் சாக்கு சொல்றாங்க. உங்க திருவிழா வரிய மட்டும் ஒரு வீடு விடாம கட்டுறாங்களாமே?”

“ஆமாங்க. வரி கட்டின வீட்டு வாசல்ல அம்மன் தேர் நிக்கும். பேர் சொல்லி அர்ச்சனை நடக்கும். கட்டாட்டித் தேர் தாண்டிப் போயிரும்.” தலைவர் நிமிர்ந்து அமர்ந்தார். “எங்க தோட்டத்துல இதுவரைக்கும் தேர் எந்த வாசலையும் தாண்டினதில்ல.”

அன்று மாலையே ஆலயக் கமிட்டி கூடியது. துஷாந்தியும் ஓரமாக அமர்ந்துகொண்டார்.

பொருளாளர் ஜீவராணி எழுந்தார். “பெரியாயி அக்கா வேலையை விட்டு ஆறு வருசமாச்சு. சேமலாபப் பணமும் ஆஸ்பத்திரிக்கே போயிருச்சு. தனிக்கட்டை. ஏழைன்னு எழுதி, அவங்களுக்கு வரிய விட்டுருவோங்க.”

“விட்டுருவோம், பாவம்!” என்றன பல குரல்கள்.

“முடியாது!” தலைவரின் குரல் மண்டபத்தை அதிரச் செய்தது. “ஏழைன்னு சொல்லி யாருக்கும் விலக்குக் கிடையாது.”

தேரைத் தோளில் சுமக்கும் இளைஞர்களுக்கு முன்னவனான கஜேந்திரன் விடவில்லை. “இல்லாதவங்ககிட்ட அரசாங்கமே வரி கேக்குறதில்ல. நீங்க அரசாங்கத்தையே மிஞ்சிட்டீங்க, தலைவரே!”

கூட்டம் சிரித்தது. கல் நெஞ்சக்காரர் என்று துஷாந்தியும் முடிவு செய்தார்.

கடைசி வரிசையிலிருந்து பெரியாயி மெல்ல எழுந்தார்.

“எனக்காகச் சண்டை வேணாம்ப்பா. இந்த மூக்குத்திய அடகு வச்சாவது கட்டிர்றேன். பாவம்னு சொல்லிட்டு என் வாசலத் தாண்டிப் போயிராதீங்க.”

சிரிப்பு அடங்கியது. இரக்கப்பட்டவர்கள் எவருக்கும் அந்த வாசலின் நினைவு வந்திருக்கவில்லை.

“ஜீவராணி, எழுதுங்க” என்றார் தலைவர். “காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல போய் நின்னு, பேர் குடுத்து, சம்பளம் வாங்குற வீட்டுக்குத்தான் இனி வரி. பெரட்டுக்குப் போகாத வீட்டுக்கு வரி இல்ல.”

“சரிங்க. பெரியாயி அக்கா பேர எழுதிர்றேன்.”

“மொதல்ல என் பேர எழுதுங்க. நானும் எங்க வீட்டம்மாவும் பெரட்டுக்குப் போயி பன்னண்டு வருசமாச்சு.”

“உங்களால கட்ட முடியுமேங்க!”

“முடியும். அந்தக் காச அன்னதானத்துல போட்டுக்கிறேன். வரியா வேணாம்.”

கஜேந்திரன் திகைத்தான். “அப்ப ஒங்க வாசல்ல தேர் நிக்காதே, தலைவரே?”

“தூக்குறது நீதானடா? என் வாசலத் தாண்டிப் போயிருவியா?”

“ஐயய்யோ! அது எப்புடிங்க? நிப்பாட்டித்தான ஆகணும்!”

“அப்ப அக்கா வாசல்லயும் நிப்பாட்டு.”

கஜேந்திரன் தலையைச் சொறிந்தான். பெரியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன் வரிசையில் வந்து அமர்ந்தார்.

“ஐயா, இந்தத் திருத்தம் எப்ப இருந்து நடைமுறைக்கு வருது?” துஷாந்தியின் குரலில் பணிவு வந்திருந்தது.

“இன்னைல இருந்துதாங்க.”

வரி கட்ட வல்ல ஒருவர், ஒரு பெண்மணி தனியே தலைகுனியலாகாது என்பதற்காக, வரி கட்டாதோரில் முதல்வராகத் தம் பெயரைத் தாமே எழுதுவித்த அந்நாள், 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.