நான்கு வரி வெளிச்சம்

கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு பாண்டியன். எதிரே முக்காலியில் அவன் மனைவி ராஜகுமாரி. தரையில் பலகை வைத்து, நல்ல டார்ச் கேட்டு மேனேஜருக்கு மனு எழுதும் பால்வாடி டீச்சர் ஸ்டெபி. மாலை ஆறுக்கே பனிமூட்டம், கரண்டும் இல்லை. எஸ்டேட் கொடுத்த, பேட்டரி இல்லாமல் குலுக்கினால் எரியும் டார்ச்சை ராஜகுமாரி குலுக்குகிறாள். குலுக்கும்போது வெளிச்சம் சுவரெல்லாம் ஆடுகிறது, நிறுத்தினால் ஸ்டெபி நான்கு வரி எழுதுவதற்குள் மங்கிவிடுகிறது. "குலுக்கறப்ப பாதை தெரியாதுங்க டீச்சர். அப்பத்தான் காட்டெருமை மேலயே போய் முட்டிட்டேன். குடிச்சிருந்தேன்னு ஆபீஸ்ல எழுதிட்டாங்க," என்கிறான் பாண்டியன். "டார்ச்சா இது, கிலுகிலுப்பை," என்கிறாள் ராஜகுமாரி. நாளை விடியுமுன் ஃபாக்டரி ஷிஃப்டுக்கு அதே பாதையில், அதே டார்ச்சோடு அவள் போக வேண்டும். "வரியெல்லாம் கோணலாயிருச்சுக்கா, காலையில திருத்தி எழுதித் தரட்டுங்களா?" என்கிறாள் ஸ்டெபி. "வேண்டாங்க டீச்சர், அந்தக் கோணலையும் மேனேஜர் பாக்கட்டும்," என்கிறாள் ராஜகுமாரி. சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, வாசலில் நிற்கும் தேயிலைக் கொழுந்து லாரிக்காரரிடம் ஆபீஸில் சேர்க்கச் சொல்லிக் கொடுக்கிறாள்.