கழுகு முறைத்தால்

“அக்கா, அந்த ஆள் முறைச்சா எனக்குக் காலே மரத்துப்போகுது. இன்னைக்கு மட்டும் நமக்கு பெனால்ட்டி கிடைக்கவே கூடாதுன்னு வேண்டிக்கோ!”

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான் தம்பி. கடையில் வேலை செய்யும் அக்கா, தலை நிமிராமல் ஒரு ஃபிரேமின் பொடி ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

“கோல் அடிக்கிறவன் பெனால்ட்டி வேண்டாம்னு வேண்டுற கூத்தை இங்கேதான் பாக்கறேன்” என்றாள்.

அவன் கஷ்டம் அவனுக்கு. சாயங்காலம் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணியின் கோல்கீப்பர் ‘கழுகு’. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் ஞாபகமே இல்லை. அத்தனை பிரபலம்.

“சின்ன வயசுல வெறிநாய் துரத்தினப்போ ஓடவே இல்லையாம்க்கா. நின்னு முறைச்சாராம். நாய் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுச்சாம்.”

“நாய் வந்து உன்கிட்ட சொல்லிச்சா?”

“விளையாடாதேக்கா! ரேடியோவுலேயே சொல்றாங்க. நாம பந்தை வெச்சதும் லேசா முன்னாடி குனிவாரு. அப்படியே கண்ணைச் சுருக்கி ஒரு முறை முறைப்பாரு. அவ்வளவுதான், நம்ம மனசுல இருக்கறது மொத்தமும் அவருக்குத் தெரிஞ்சிடும். ஒருத்தன் அந்த முறைப்புல பந்தை விட்டுட்டுத் தரையை உதைச்சான். இப்போ கோழிக்கடை வெச்சிருக்கான்.”

அக்காவின் கை ஒரு கணம் நின்றது.

“சரி, அவர் கையால தடுத்த பெனால்ட்டி எத்தனை?”

தம்பி யோசித்தான். “தடுக்க எங்கே விட்டாங்க? எல்லாரும் பயத்துல வெளியே இல்ல அடிச்சாங்க! நானும்தான்.”

போன வருஷம் அவன் உதைத்த பந்து மைதானத்துச் சுவரைத் தாண்டிப் போய் யார் வீட்டு மாடியிலோ விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்கு ‘வானவேடிக்கை’ என்று பட்டப்பெயர். தெருவில் நண்டு சிண்டெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகின்றன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். “இன்னொரு தடவை வெளியே அடிச்சே, அடுத்த வருஷம் டீம்ல உனக்கு இடமில்லை” என்று பயிற்சியாளர் நேற்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ஆட்டத்தை விட்டால் அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

அக்கா ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு எழுந்து முதலாளியிடம் போனாள்.

“சார், காலையில பார்சல்ல லென்ஸ் வந்துதே, அதை நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடறேன்.”

“நாளைக்கு அவங்களே வருவாங்களேம்மா. என்ன தலை போற அவசரம்?”

“தலைதான் சார். வீட்டுக்காரர் தினமும் தலைவலியில துடிக்கிறார்னு அந்தம்மா அழாத குறையா சொன்னாங்க. பாவம், எதுக்கு இன்னும் ஒரு நாள்?”

முதலாளி தலையாட்டினார். தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்போ மேட்ச்சுக்கு வர மாட்டியா?”

“வேலையை முடிச்சுட்டு ரேடியோவுல கேக்கறேன்.”

“இங்கே எனக்கு உயிர் போகுது, உனக்கு எவனோ ஒருத்தன் தலைவலி பெருசாப் போச்சு! அப்படி யாரு அந்தப் பெரிய மனுஷன்?”

“கடைக்கு வர்றவங்க கண்ணு விஷயம் வெளியே போகக் கூடாது. சொன்னா என் வேலை போயிடும். நீ போ, நல்லா ஆடு.”

சொந்த அக்காவே இப்படியா என்று மனம் வெதும்பியபடி மைதானத்துக்குப் போனான்.

எது நடக்கக் கூடாதோ அதுவே நடந்தது. இரண்டு அணியும் ஆளுக்கொரு கோல் போட்டிருக்க, ஆட்டம் முடியும் நேரத்தில் பெனால்ட்டி. பயிற்சியாளர் அவனையே கை காட்டினார். “வானவேடிக்கை! வானவேடிக்கை!” என்று எதிர்ப்பக்கக் கூட்டம் கூச்சல் போட்டது.

பந்தை வைத்தான். பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

கழுகு குனியவில்லை. கண்ணைச் சுருக்கவுமில்லை. கூட்டத்தையும் கொடிகளையும் சந்தைக்கு வந்த குழந்தை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனைப் பார்த்தார். நடு வயதுக்காரர் ஒருவரின் சாதாரணமான, சாதுவான இரண்டு கண்கள். இந்த மனுஷனுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தபோதே கால் தானாக ஓடியது. கழுகு சரியான பக்கம்தான் பாய்ந்தார். ஆனால் பந்து அவர் விரல் நுனிக்கு எட்டாமல் மூலையில் போய் விழுந்தது.

கோப்பையோடு ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தான். அக்கா அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

“முறைக்கவே இல்லைக்கா அந்த ஆள்! என்ன ஆச்சுன்னே தெரியலை!”

“வயசாச்சோ என்னவோ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையின் ஷட்டரை இழுக்க வெளியே போனாள். மேஜை மேல் போன் அடித்தது. தம்பி எடுத்தான்.

“கண்ணாடிக் கடையா? அந்தப் பொண்ணுகிட்ட ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. நாளைக்குத் தர வேண்டிய லென்ஸை இன்னைக்கே வீடு தேடி வந்து கண்ணுல வெச்சுவிட்டுப் போச்சே, தங்கமான பொண்ணு! இனிமே பந்து எங்கே இருக்குன்னு கண்ணை இடுக்கி இடுக்கித் தேடித் தலைவலியோட வீட்டுக்கு வர வேண்டாம்.”

“யார் பேசினதுன்னு சொல்லட்டும்?”

“கழுகுன்னு சொல்லுங்க தம்பி, தெரியும்.”